தாய்மாமன் சுட்ட கேக்

திருநெல்வேலி டவுன்,
14-2-94

வேணிக்கு,

இங்கே நான் நலம். நீயும் அம்பாசமுத்திரத்தில் உன் அண்ணன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். ஆறு மாதமாகக் கடிதம் போடவில்லை என்று தவறாக நினைக்க வேண்டாம். பத்திர ஆபீசில் தை மாதம் முழுக்கக் கூட்டம். நிலம் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் நல்ல நாளுக்குக் காத்திருந்து ஒரே நேரத்தில் வந்து விழுகிறார்கள்.

எழுதவந்த விஷயம் இது. தங்கை ஆவுடையின் மகன் சிதம்பரத்துக்குப் பங்குனி உத்திரத்தன்று அவர்கள் சாஸ்தா கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துகிறார்கள். தாய்மாமன் என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். ஏழு சீர்த்தட்டு எடுக்கிறேன். அதில் ஒரு தட்டு உன் கப் கேக்காக இருக்க வேண்டும் என்று ஆவுடைக்கு ஆசை. "மதினி கைப்பக்குவம் கடையில கெடைக்காதுண்ணே. நாப்பது மட்டும் செஞ்சு குடுத்துவிடச் சொல்லு" என்றாள்.

உன் கரண்ட் அடுப்பை ஒரு சாக்கில் கட்டி நானே கொண்டுவந்து தருகிறேன். செய்து வைத்தால் முதல் நாள் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன். நீ விசேஷத்துக்கு வந்து சிரமப்பட வேண்டாம் என்று அம்மாவும் சொல்கிறாள். அம்மா பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாளையங்கோட்டையில் ஆவுடை வீட்டிலேயே இருக்கிறாள்.

பதில் எழுது.

குமரகுருபரன்


அம்பாசமுத்திரம்,
19-2-94

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கேள்விக்குறிகூட இல்லை. எப்படி இருக்கிறாய், ஏன் போனாய், எப்போது வருவாய் என்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை. கேக் மட்டும் வேண்டும்.

ஆவணியில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்கும். சொல்கிறேன். சிதம்பரத்தின் ஆண்டு நிறைவுக்கு இரண்டு நாள் நின்று அறுபது கேக் சுட்டேன். மஞ்சளிலும் ரோஸிலும் பூப்போட்டேன். பிள்ளை எல்லார் இடுப்பையும் விட்டுவிட்டு என்னிடம்தான் தாவினான். ஒரு துண்டு பிட்டு அவன் வாய்க்குக் கொண்டுபோனேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டார்கள். "மொத வாயி பிள்ள பெத்தவ கையால இருக்கட்டும்" என்றார்கள். நாற்பது பேர் பார்த்தார்கள். அத்தை சொன்னது எனக்குப் புதிது இல்லை. ஒன்பது வருஷமாக ஜாடையில் கேட்டதை அன்று நேரில் கேட்டேன். அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் தட்டை ஏந்திக்கொண்டு என் பக்கத்தில்தான் நின்றீர்கள். "வேணி, நீ உள்ள போயி மிச்சத்த அடுக்கு" என்றீர்கள். போய் அடுக்கினேன். மறுநாள் ரயிலேறினேன். ஸ்டேஷனுக்கு வந்து ஜன்னல் வழியாக அரை டஜன் பழம் கொடுத்தீர்கள். அப்போதும் வாய் திறக்கவில்லை.

இனி அந்த வீட்டு விசேஷத்துக்கு நான் கேக் செய்ய மாட்டேன். தாய்மாமன் சீர்தானே, தாய்மாமனே செய்யட்டும். கடுகு டப்பாவுக்குப் பின்னால் என் நோட்டு இருக்கிறது. முட்டையில்லாத கேக், தயிர் விட்டுச் செய்வது. தையல் வகுப்பில் ஜமீலா பீவி முட்டை போட்டுச் சொல்லிக்கொடுத்ததை நம் வீட்டுக்காக நான் மாற்றி எழுதியது. அடுப்பில் ஒரு ஈட்டுக்கு ஏழு கிண்ணம் பிடிக்கும். சுற்றி ஆறு, நடுவில் ஒன்று. மைதாவைச் சலிக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் சலிக்க வேண்டும்.

வேணி


திருநெல்வேலி டவுன்,
2-3-94

வேணிக்கு,

நீ எழுதியதற்கு என்ன பதில் எழுதுவது என்று பத்து நாள் யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. அதனால் கேக் செய்து பார்த்தேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மைதாவைச் சலிக்கவில்லை. சுத்தமாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். சர்க்கரையை அரைக்காமல் அப்படியே போட்டேன். ஆப்பச்சோடா அரை ஸ்பூன் என்றிருந்தது. எந்த ஸ்பூன் என்று இல்லை, குழம்புக் கரண்டியை எடுத்தேன். மூடியில் இருக்கும் கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியவில்லை என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து பார்த்தேன். முதலில் பொங்கினது, பிறகு நடுவில் குழி விழுந்துவிட்டது. ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பரமசிவன் அண்ணாச்சிக்குக் கொடுத்தேன். "என்னவே இது, கோவிச்சுக்கிட்ட பணியாரம் மாதிரி இருக்கு" என்றார். மிச்சம் ஆறையும் நானே இரண்டு நாள் தின்றேன். வாயெல்லாம் சோடா.

வீட்டில் சத்தமே இல்லை. ஆபீசில் இருந்து வந்ததும் ரேடியோவைப் போட்டுவிடுகிறேன், யார் பேசினாலும் சரி என்று. ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். அன்று காலையில் குளித்துவிட்டு எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் நடையில் நிற்கிறேன்.

எங்கே தவறு செய்தேன்? கேக்கைத்தான் கேட்கிறேன். இன்னொன்றைப் பற்றிக் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

குமரகுருபரன்


அம்பாசமுத்திரம்,
8-3-94

அத்தானுக்கு,

குழம்புக் கரண்டி என்று படித்ததும் சிரித்துவிட்டேன். அண்ணி எட்டிப் பார்த்தாள். இந்த வீட்டில் நான் சிரித்து அவள் கேட்டதில்லை.

அரை ஸ்பூன் என்றால் டீ ஸ்பூன். தயிரையும் அரைத்த சர்க்கரையையும் கலந்து, சோடாவும் பேக்கிங் பவுடரும் போட்டு ஐந்து நிமிஷம் சும்மா விடுங்கள். நுரைத்து வரும். அப்புறம் எண்ணெய், எசன்ஸ், கடைசியில் சலித்த மைதா. அடித்துக் கலக்காதீர்கள், பையக் கிளறினால் போதும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எல்லார் வீட்டிலும் விளக்குப் போடுவார்கள், பல்பு மங்கும். அந்த நேரத்தில் அடுப்பைப் போட்டால் கேக் வேகாது, காயும். விடியற்காலையில் செய்யுங்கள். இருபது நிமிஷம் வரை மூடியைத் தொடக்கூடாது. உள்ளே என்ன ஆகிறது என்று தெரியாமல் நிற்கத்தான் வேண்டும். நான் அப்படித்தான் நின்றேன்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அண்ணன் வீட்டில் விருந்தாளிக்கும் வேலைக்காரிக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அதில் இருக்கிறேன். சாப்பிடக் கூப்பிடுவார்கள். ஆனால் யார் வந்தாலும் "எத்தன நாள் இருப்பா?" என்று அடுக்களையில் கேட்பது நான் படுக்கிற மச்சுக்குக் கேட்கும். மாசி பிறந்ததில் இருந்து ஆற்றுப் பாலம் தாண்டி கல்லிடைக்குறிச்சிக்கு அப்பளம் இடப் போகிறேன். ஜயலக்ஷ்மி மாமி நடத்துகிற இடம். பத்துப் பெண்கள். பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. திரும்பி நடந்து வருகிற நேரம்தான் பெரிதாக இருக்கிறது. பாலத்தில் நின்று படித்துறையில் குடும்பம் குடும்பமாகத் துவைத்துக் குளிப்பதைப் பார்ப்பேன். வேட்டி சேலை என்று இரண்டு பேர் துணியைத் துவைத்துக்கொண்டிருந்தவள், இப்போது ஒற்றைச் சேலையை அலசிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வருகிறேன். ஏக்கமாகத்தான் இருக்கிறது. இதை எழுதக்கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

வேணி


திருநெல்வேலி டவுன்,
18-3-94

வேணிக்கு,

வந்துவிட்டது. ஏழும் ஒரே உயரம், மேலே வெடிப்பு இல்லை. விடிந்ததும் விடியாததுமாக வீடு முழுக்க அந்த வாசனை வந்ததும் நீ அடுக்களையில் நிற்பதாகவே ஒரு நிமிஷம் பட்டது. எட்டிப் பார்த்தேன் என்றுகூட எழுதிவிடுகிறேன்.

ஒன்றை எடுத்து நின்றபடியே தின்றேன். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தால் யாரும் இல்லை. நீ செய்தபோது நான் அப்படிச் சொன்னதும் இல்லை. "சீனி கொஞ்சம் கூட" என்று சொல்லியிருக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபது கேக் என்றால் ஒன்பது ஈடு. ஓர் ஈட்டுக்கு அரை மணி. நடுவில் வெண்ணெய்த் தாளை வட்டமாக வெட்டி டம்ளர் அடியில் அழுத்திக் கப் செய்வது, சர்க்கரை அரைப்பது, பீட்ரூட் பிழிந்து சாயம் எடுப்பது, பால் பாக்கெட் முனையை வெட்டிப் பூப் பிழிவது. நீ இரண்டு நாள் நின்றாய் என்று எழுதியதை முதலில் படித்தபோது அது வெறும் வார்த்தையாக இருந்தது. இப்போது என் காலே வலிக்கிறது.

உன் நோட்டை முழுக்கப் படித்தேன். ஒவ்வொரு விசேஷத்துக்கும் தேதி போட்டு எத்தனை கேக், என்ன பூ என்று எழுதியிருக்கிறாய். என் பிறந்த நாள், அம்மாவுக்கு அறுபத்தைந்து, ஆவுடைக்கு வளைகாப்பு, அவள் மாப்பிள்ளை தாணுமாலையனுக்கு வேலை உயர்ந்தது. உன் பக்கம் எங்கே என்று தேடினேன். உன் பிறந்த நாள் எது, வேணி? ஜாதகத்தில் நட்சத்திரம் பார்த்த ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

குமரகுருபரன்


அம்பாசமுத்திரம்,
22-3-94

அத்தானுக்கு,

ஒன்பது வருஷம் கழித்துக் கேட்கிறீர்கள். சொல்ல மாட்டேன். கோபத்தில் சொல்ல மாட்டேன் என்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபம்தான்.

பங்குனி வெயிலில் வெண்ணெய் கிரீம் நிற்காது. வீட்டிலேயே பூசிக்கொண்டு போனால் கோயில் சேர்வதற்குள் கஞ்சியாகிவிடும். கிரீமைத் தூக்குச்சட்டியில் போட்டு, அதை ஐஸ் வைத்த வாளிக்குள் வைத்துக்கொண்டு போங்கள். அங்கே நிழலில் வைத்துப் பூசுங்கள். முதல் தரமே பூவெல்லாம் வராது. ஒரு புள்ளி வைத்தால் போதும்.

அங்கே நீங்கள் ஏதாவது பேசுவீர்கள் என்று நான் காத்திருக்கவில்லை. காத்திருக்கக் கூடாது என்று எனக்கே தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

வேணி


திருநெல்வேலி டவுன்,
29-3-94

வேணிக்கு,

உத்திரத்தன்று ராத்திரியே ஒரு கடிதம் எழுதினேன். அதில் நான் பெரிய வீரன் மாதிரி இருந்தேன். கிழித்துவிட்டேன். இதுதான் நடந்தது.

நாற்பது கேக்கையும் இரண்டு எவர்சில்வர் சம்புடத்தில் அடுக்கிக்கொண்டு வேனில் போனேன். கோயிலுக்குப் பின்னால் மருத மரத்து நிழலில் உட்கார்ந்து கிரீம் பூசி, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். மற்றவர்கள் சாஸ்தாவுக்குப் பொங்கல் விட்டுக்கொண்டிருந்தார்கள், யாரும் என்னைப் பார்க்கவில்லை. சீர்த்தட்டு எடுக்கும்போது அம்மா, "ஒத்தையா நிக்காத, பெரியம்ம மகளக் கூட நிப்பாட்டிக்கோ" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இதையும் எழுத வேண்டும்.

பிள்ளைக்கு மொட்டை அடித்துச் சந்தனம் தடவி என் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியோடு வந்து உட்கார்ந்தார். அழாமல் இருக்க ஏதாவது கையில் கொடுங்கள் என்றார். ஆவுடை ஒரு கேக்கை எடுத்துக் கொடுத்தாள். தட்டு எல்லாரிடமும் போனது. "வேணி செஞ்சதுன்னா கேக்கணுமா" என்றாள் அம்மா. தாணுமாலையனின் அம்மா, "அந்தக் கைக்கு ஒரு மோதிரம் போடலாம்" என்றாள். அவ்வளவு பேரும் உன் கையைப் புகழ்ந்து தின்றார்கள். உன்னை வரச் சொல்லாத அவ்வளவு பேரும்.

"அவ செய்யல. நான் செஞ்சேன்" என்றேன்.

சிரித்தார்கள். "நல்லாருக்கு வே, அண்ணாச்சி கேக்கு சுடுதாராம்லா!" என்று தாணுமாலையன் தொடையில் தட்டினான். அம்மாவும் சிரித்துக்கொண்டே, "ஏம்லே, அவளுக்கு என்ன வந்து, செய்ய மாட்டேன்னுட்டாளா?" என்றாள்.

பிள்ளையை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டேன். அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். "ஆமா, செய்ய மாட்டேன்னுட்டா. அன்னைக்குப் பிள்ளைக்கு ஊட்டப் போனவ கையத் தட்டிவிட்டியே. நானும் பக்கத்துல நின்னுக்கிட்டு உள்ள போன்னு வெரட்டுனேனே. இனிமே இந்த வீட்டுக்கு அவ எதுக்குச் செய்யணும்?"

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. அம்மா, "நல்ல நாளும் அதுவுமா" என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். ஆசாரி தலையைக் குனிந்துகொண்டு ஊசியைத் துடைத்தார். பிள்ளை மட்டும் கேக்கைத் தின்றுகொண்டிருந்தான். குத்தி முடிக்கிறவரை அவனை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவன் அழுத அழுகைக்கு என் சட்டை முழுக்கக் கிரீம். முடிந்ததும் ஆவுடையிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன். பந்தியில் உட்காரவில்லை. தாய்மாமன் சாப்பிடாமல் போனால் எவ்வளவு பெரிய பேச்சாகும் என்று உனக்குத் தெரியும்.

மூன்று மைல் நடந்து வந்து பஸ் பிடித்தேன்.

குமரகுருபரன்


கல்லிடைக்குறிச்சி,
5-4-94

அத்தானுக்கு,

முகவரி மாறியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மாமி வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை எடுத்துவிட்டேன். அடுப்படியும் அதற்குள்ளேதான்.

உங்கள் கடிதத்தை நாலு தரம் படித்தேன். அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் என் காதில் விழவேண்டிய பேச்சு, நான் இல்லாத இடத்தில் யார் யாரோ கேட்கப் பேசப்பட்டிருக்கிறது. அதைத் தபாலில் வாங்கிப் படிக்கிறேன். ஆனாலும், உங்களையும் சேர்த்துச் சொன்னீர்களே, அதைப் படித்த இடத்தில் மனசு கொஞ்சம் இறங்கியது. அத்தையை மட்டும் சொல்லிவிட்டு நீங்கள் தப்பித்திருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

இனி டவுன் வீட்டுக்கு நான் வர முடியாது. அந்த அடுக்களையில் போய் நின்றால் பழைய வேணியாகிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. இங்கேயிருந்து காலைப் பாசஞ்சரில் ஏறினால் ஆபீஸ் நேரத்துக்கு நீங்கள் போய்விடலாம், சாயங்காலம் திரும்பிவிடலாம். எத்தனையோ பேர் போய்வருகிறார்கள். வந்து என்னோடு இருக்க முடியுமா?

முடியும் என்றால் எழுதுங்கள். முடியாது என்றால் அதையும் ஒரு வரியில் எழுதுங்கள், தாங்கிக்கொள்வேன். பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதீர்கள்.

வேணி


திருநெல்வேலி டவுன்,
21-4-94

வேணிக்கு,

இப்போது என்னால் வந்து இருக்க முடியாது.

நீ கேட்ட ஒரு வரி அது. அதை எழுதப் பதினைந்து நாள் ஆகிவிட்டது. காரணத்தைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

அம்மா இங்கே வந்துவிட்டாள். உத்திரம் முடிந்த நாலாம் நாள் தாணுமாலையன் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுவிட்டு, "சபையில எங்கள அவமானப்படுத்திட்டேரு. ஒங்க அம்மைய நீரே வச்சிக்கிடும்" என்று போய்விட்டான். ஆவுடை கூட வரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. கட்டிலில் இருந்து எழுப்பிவிட ஆள் வேண்டும். நான்தான் சமைக்கிறேன், வெந்நீர் போடுகிறேன். உனக்காகப் பேசிய பேச்சே உன்னிடம் வரவிடாமல் என்னைக் கட்டிப்போட்டிருக்கிறது. யாரிடம் சொல்லி அழுவது என்று தெரியவில்லை, அதனால் உன்னிடமே சொல்கிறேன்.

முதல் பத்து நாள் அம்மா என்னோடு பேசவில்லை. ரெண்டு பேரும் ஒரே வீட்டில் தனித்தனியாக இருந்தோம். நேற்று நான் எழுதுவதும் கிழிப்பதுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவளுக்கா?" என்றாள்.

"ஆமா."

"வரச் சொல்லி எழுதுதியா?"

"இல்ல. நான் அங்கன வர முடியாதுன்னு எழுதுதேன்."

முழங்காலைத் தடவிக்கொண்டாள். பிறகு, "ஆவுடை வீட்டுல யாராச்சும் வந்துட்டா, நீங்க உள்ள போங்கன்னு எல்லார் முன்னயும் சொல்லுவா அவ மாமியாக்காரி. நானும் போவேன்" என்றாள். அதற்கு மேல் அழுகை. கொஞ்சம் கழித்து, "நான் சொன்னது தப்புன்னு எழுது. நான் சொன்னேன்னு எழுது" என்றாள்.

பத்திர ஆபீசில் இருபது வருஷமாக அடுத்தவர் சொல்வதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேனாவைத் திறந்தும்விட்டேன். பிறகு மூடிவிட்டேன்.

"நான் எழுத மாட்டேன்மா. அன்னைக்கு அவ மொகத்துக்கு முன்னால சொன்ன. இதயும் அவ மொகத்துக்கு முன்னால சொல்லு" என்றேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். விடிந்ததும், "என்னைக்குப் போகணும்?" என்று கேட்டாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலைப் பாசஞ்சரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஸ்டேஷனில் இருந்து மாட்டு வண்டியில் உன் தெருமுனை வரைக்கும் வருவேன். அதற்கு மேல் அவள் தடியை ஊன்றிக்கொண்டு தானாக நடந்து வருவாள். நான் கூட வர மாட்டேன், வந்தால் அவளுக்காக நான் பேசிவிடுவேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம். திறக்காவிட்டால் தப்பு என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன்.

வண்டியை அவளுக்காகத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நான் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்திருப்பேன். மத்தியான வண்டிக்கு அம்மா மட்டும் திரும்பி வந்தால் அவளை ஏற்றிக்கொண்டு போய்விடுவேன்.

குமரகுருபரன்